இருபது டாலருக்கு எட்டு பழைய குளம்பு அரங்கள்: வாங்கலாமா?

ஒஹாயோவில் டேட்டனுக்கு வடக்கே ட்ராய் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கண்காட்சித் திடலில் வருடாவருடம் செப்டம்பரில் 'குவாட் ஸ்டேட்' என்ற பெயரில் கொல்லுவேலைக்காரர்கள் கூடுவார்கள், சதர்ன் ஒஹாயோ ஃபோர்ஜ் அண்ட் ஆன்வில் சங்கம் நடத்துவது. செய்முறை காட்டுகிற கொட்டகைகள் ஒரு பக்கம் இருக்க, பாதிப் பேர் வருவது பிக்கப் வண்டிகளின் பின்னால் கொட்டி வைத்து விற்கிற பழைய சாமான்களுக்காகத்தான். நானும் அந்தப் பாதியில்தான் சேர்த்தி. போன முறை ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் கரும்புக்கட்டு மாதிரி அரங்களை நிறுத்தி வைத்திருந்தார். குதிரைக்கு லாடம் அடிப்பவர்கள் தேய்த்துத் தள்ளியவை. எட்டு இருபது டாலர் என்றார். "எல்லாமே நல்ல எஃகு" என்றும் சொன்னார், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: இது நம் மரவேலை அரத்தைவிடப் பெரியது. நீளம் 14 அங்குலம், அகலம் ஒன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டி, கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் தனித்தனியாக எழும்பி நிற்கும் முரட்டுப் பற்கள், மறுபக்கம் சாதாரண அரம் போலக் கோடு கோடாக வெட்டு. குளம்பை வெட்டியபின் முரட்டுப் பக்கத்தால் மட்டமாக்கி, ஆணி முனையை மடக்கியதும் மறுபக்கத்தால் வழவழப்பாக்குவார்கள். நம் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, அங்கே உளியும் சுத்தியலும்தான் பேசும். குளம்புக்கு மழுங்கிவிட்டது என்றால் அவர்கள் மாற்றிவிடுகிறார்கள், ஆனால் குளம்புக்கு மழுங்கியது இரும்புக்கும் மழுங்கியது என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சுத்தம். பற்களுக்கிடையே காய்ந்த குளம்புத் தூள், சாணம், துரு எல்லாம் அடைந்து கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒரு இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டேன். துரு போவதோடு பல்லின் விளிம்பையும் அமிலம் லேசாக அரித்துக் கொஞ்சம் கூர் தருகிறது. புதுசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், விரல் வைத்தால் தெரிகிற அளவுக்கு வித்தியாசம், அவ்வளவே. எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் காலையில் மறுபடி மஞ்சள் பூத்திருக்கும்.

எவ்வளவு தேய்த்தாலும் இடுக்கில் கொஞ்சம் குளம்பு மிச்சம் இருக்கத்தான் செய்யும். முதல் அரத்தை கேஸ் உலையில் நுழைத்த அரை நிமிடத்தில் முடி கருகுகிற நாற்றம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டது. "யார் தலையைக் கருக்கிட்டிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். வீட்டுக் கதவை மட்டும் சாத்திவிட்டுச் சூடாக்குங்கள், முடிந்தால் முகமூடியும் போடுங்கள்.

எல்லோரும் முதலில் செய்வது கத்திதான், நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பற்கள் பாம்புச் செதில் மாதிரி கத்தியின் மேல் பகுதியில் தெரியுமே, அந்த ஆசை. பல்லை ராவாமல் அப்படியே அடித்துக் கத்தி வடிவத்துக்கு இழுத்ததுதான் தப்பு. சம்மட்டி விழ விழ ஒவ்வொரு பல்லும் சாய்ந்து உடம்போடு மடங்கிக்கொள்கிறது, மடிப்புக்கு அடியில் ஒட்டாமல் ஒரு கீறல் தங்கிவிடுகிறது, அது வெளியே தெரிவதும் இல்லை. கெட்டிப்படுத்துவதற்காகச் சூட்டோடு எண்ணெயில் தோய்த்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம், கிண்ணத்தில் ஸ்பூன் தட்டினது போல. எடுத்துப் பார்த்தால் வெட்டு விளிம்பிலிருந்து மேலே முக்கால் அங்குலத்துக்கு விரிசல். ஒரு சனிக்கிழமை போச்சு. அடுத்ததில் வெட்டுப்பகுதி முழுக்கப் பற்களை கிரைண்டரில் வழித்துவிட்டு, கைப்பிடிப் பக்கம் மட்டும் விட்டுவைத்தேன். தோய்ப்பதற்கு முன் மூன்று முறை காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆறவிட்டு, பிறகு வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்ச்சல், உடனே நொறுங்கும் குணம் குறைய சமையலறை ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். வைக்கோல் நிறம் வந்தது. இன்றைக்கும் வீட்டில் வெங்காயம் நறுக்குவது அதில்தான்.

சரி, "எல்லாமே நல்ல எஃகு" கதை. எட்டில் ஆறு நல்லவை. அவற்றில் இரண்டில் சேவ் எட்ஜ் முத்திரை, என் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ஸீனியாவின் கம்பெனி. ஒன்றில் ஹெல்லர், ஒன்றில் ஸ்பெயினின் பெல்லோட்டா. மற்ற நான்கில் முத்திரை தேய்ந்தே போயிருந்தது, சொதப்பிய இரண்டும் அந்த நான்கில்தான். அந்த இரண்டும் மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்திய மெல்லிரும்பு. ராவினால் கெட்டியாகத்தான் இருக்கும், தோல் போனதும் உள்ளே ஒன்றுமில்லை, எவ்வளவு தோய்த்தாலும் கத்தியாக மாறாது. எந்த அரத்தைக் காட்டியும் இது 1095 எஃகு, அதாவது கார்பன் அதிகமுள்ள எஃகு, என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு ஓரத்தை உடைத்துப் பாருங்கள். வைஸில் ஒரு அங்குலம் கவ்வி, மேலே கனமான சாக்கைப் போர்த்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் ஒரு அடி. நல்லது கண்ணாடி மாதிரி பட்டென்று ஒடியும், உடைந்த முகத்தில் ஒரே சீராக மெல்லிய சாம்பல் நிற மணிகள் தெரியும். மெல்லிரும்பு வளைந்து கொடுக்கும். கிரைண்டரில் பொறி பார்ப்பதும் ஒரு வழிதான், நிறைய கிளை விட்டு வெடித்துச் சிதறினால் கார்பன் இருக்கிறது, நீளக் கோடாக ஓடி அணைந்தால் இல்லை. ஆனால் தோலில் மட்டும் பட்டால் அதுவும் ஏமாற்றும், குறுக்கே வெட்டின இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் எனக்கு இந்த வாளியிலிருந்து கிடைத்த உண்மையான லாபம் கத்தி இல்லை. அரத்தை அரமாகவே பயன்படுத்துவது, அதுவும் சூடான இரும்பில். கொக்கி, கம்பி முனை எதுவானாலும் செஞ்சூட்டில் வைஸில் கவ்வி, முரட்டுப் பக்கத்தால் நீளமாக நாலு தள்ளு தள்ளினால் வெல்லக்கட்டியைச் சீவுவது போல இழையிழையாக வருகிறது. குளிர்ந்தபின் இதே வேலைக்குக் கால் மணி நேரம் தோள் வலிக்க ராவ வேண்டும். புது அரத்தைச் சூட்டில் வைக்க மனசு வராது, பல்லின் கெட்டி இறங்கிவிடும். இது ஏற்கெனவே கழித்துப்போட்டது, இறங்கினால் இறங்கட்டும். ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு அரம் மாதக்கணக்கில் வருகிறது.

சொதப்பிய இரண்டும் வீண்போகவில்லை. ஒன்றை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, வைஸின் வாயில் இரண்டு பக்கமும் பல் உள்பக்கம் பார்க்க வைத்தேன், உருண்டைக் கம்பி இப்போது இம்மியும் சுற்றுவதில்லை. மேற்பரப்பில் தழும்பு விழும், மெருகு போட்ட சாமானை அதில் வைக்காதீர்கள். இன்னொன்று அலுமினியத்துக்கு. நல்ல அரத்தில் அலுமினியம் ராவினால் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும், இதில் பல் தள்ளித்தள்ளி இருப்பதால் அவ்வளவாக அடைக்காது, முதலில் கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இன்னும் சுகம்.

இங்கே பலர் இதை வளைத்து, பல்லைச் செதிலாக விட்டு, விரியன் மாதிரி பாம்பு செய்து விற்கிறார்கள். நானும் ஒன்று செய்தேன். என் பெண் அதை மண்புழு என்றாள்.

இருபது டாலருக்கு இது மோசமில்லை, புது அரம் ஒன்றே அதைவிட அதிகம். ஆனால் அடுத்த முறை வாளிக்காரரிடம் போகமாட்டேன். பக்கத்துக் குதிரை லாயத்துக்கு வருகிற லாடக்காரருக்கு, மிச்சமிருந்த அரம் ஒன்றில் குளம்பு சுரண்டுகிற கொக்கி அடித்துக் கொடுத்தேன், பிடியில் பற்கள் அப்படியே. திருப்பித் திருப்பிப் பார்த்தவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, கையில் அகப்பட்டதை அள்ளிக் கொடுத்தார். பன்னிரண்டு. காசு வாங்கவில்லை. அதில் மூன்று மெல்லிரும்பு.