கையில் 3,000 ரூபாய், மேசையில் ஒரு நாவல்: எதைக் கொண்டு திருத்துவது?

என் நாவல் தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. ஏ4 தாளில் 240 பக்கம். திருத்துவதற்கென்று என்னால் ஒதுக்க முடிந்தது 3,000 ரூபாய். மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிறவர் ஒருவர் பக்கத்துக்கு 20 ரூபாய் கேட்டார். அந்த வேலைக்கு அது நியாயமான கூலிதான், ஆனால் மொத்தம் 4,800 ஆகிறது. அதனால் கைக்கு எட்டிய மற்ற வழிகளை ஒவ்வொன்றாக இதே நாவலில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் மென்பொருள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையைக் காட்டும், நாவி சந்திப்பிழையைக் காட்டும். இரண்டும் இலவசம். ‘மரத்தைப் பார்த்தான்’ என்பதை ‘மரத்தை பார்த்தான்’ என்று நடுவில் வரும் ஒற்றெழுத்தை விட்டு எழுதுவது என் கைப்பழக்கம், அந்த மாதிரி இடங்களில் நாவி பெரிய துணை. ஆனால் ‘பூவின் மனம் வீசியது’ என்று எழுதினால்? மனமும் சரியான சொல், மணமும் சரியான சொல். அரை/அறை, வாள்/வால் எல்லாம் இந்தக் கதைதான். தனிச்சொல்லாகப் பார்த்தால் பிழையே கிடையாது. உரையாடல் வந்தால் நிலைமை தலைகீழ். ‘வந்தாகளா’, ‘போயிட்டாக’ என்று பாத்திரங்கள் பேசும்போது சொல்திருத்திக்கு எல்லாமே பிழையாகத் தெரியும். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தால் அதற்கு நடுவே இருக்கும் உண்மையான பிழை நம் கண்ணுக்குத் தப்பிவிடும். கட்டுரைக்கு மென்பொருள் பாதி வேலையை முடித்துத் தரும் என்பேன். வட்டார வழக்கில் எழுதிய நாவலுக்குக் கால்வாசிதான்.

அடுத்து காது. இதற்கும் செலவில்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது, கணினியில் எட்ஜ் உலாவி தமிழை வாசிக்கும். நாமே உரக்கப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எழுதியவன் படிக்கும்போது விடுபட்ட எழுத்தை வாய் தானாகவே போட்டுக்கொள்கிறது. இயந்திரம் இருப்பதைத்தான் வாசிக்கும். அது வாசித்துக் கேட்டபோதுதான் என் ஆட்கள் எத்தனை தடவை ‘மெல்லத் திரும்பிப் பார்க்கிறார்கள்’ என்று உறைத்தது. நின்றுகொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான் என்று மூன்று வாக்கியம் வரிசையாக முடிந்திருந்தது. கண்ணால் பல முறை படித்த பத்திதான் அது. குரலில் உணர்ச்சி இல்லையே என்று தோன்றும், ஆனால் அதுதான் நல்லது. நடிப்பு இல்லாத குரலிலும் ஒரு காட்சி நிற்கிறது என்றால் அது உண்மையாகவே நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருளா காதா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் காதைத்தான் எடுப்பேன்.

திரையா தாளா என்ற கேள்விக்குத் தாள்தான். கல்லூரிப் பக்கத்துக் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 360, ஸ்பைரல் பைண்டிங் 50. தட்டச்சு செய்த எழுத்துருவிலேயே அச்செடுக்காதீர்கள். வேறு எழுத்துரு, தாராளமான ஓரம், ஒரு பக்க அச்சு. பின்பக்கத்தில் புதிய வாக்கியங்களை எழுதிக்கொள்ளலாம். திரையில் நான் வாக்கியங்களைத்தான் திருத்தினேன். தாளில்தான் ஒரு அத்தியாயத்தையே குறுக்கே அடிக்கத் துணிச்சல் வந்தது.

நண்பர்கள் படித்துச் சொல்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள், அந்தப் பக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கும்.

ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் படிப்பது வேறு விஷயம். இருபது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு மூன்று அத்தியாயங்களை வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார். “என்ன தம்பி, கார்த்திகையில உப்பு வாருறாக? மழ மாசத்துல பாத்தியில ஏது உப்பு?” வடகிழக்குப் பருவமழையில் அங்கே உற்பத்தி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியிருந்தேன். கதையின் முக்கியமான சண்டை அந்த மாதத்தில்தான் நடக்கிறது, அதைப் பங்குனிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எந்த மென்பொருளும் இதைச் சொல்லியிருக்காது, 4,800 ரூபாய் கொடுத்திருந்தாலும் வந்திருக்காது. காரணம், மெய்ப்பு என்பது எழுத்துப்பிழை பார்ப்பது. செம்மையாக்கம் என்பது கதையின் எலும்பைத் தொட்டுப் பார்ப்பது. இரண்டையும் ‘எடிட்டிங்’ என்று ஒரே பெயரில் சொல்வதால் பலர் முன்னதற்குக் காசு கொடுத்துவிட்டுப் பின்னதும் நடந்துவிட்டது என்று நம்புகிறார்கள். பணம் பேசும் முன் இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள்.

நான் மொத்த நாவலுக்கும் மெய்ப்பு பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, முதல் 30 பக்கத்தை மட்டும் ஒரு செம்மையாக்குநரிடம் 2,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவர் காட்டிய குறைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிறவை. காட்சி தொடங்குவதற்கு முன்பே விளக்கம் தொடங்குகிறது, எல்லாப் பாத்திரமும் ஒரே நீளத்தில் பேசுகிறது. மீதி 210 பக்கத்தில் அவற்றை நானே தேடித் திருத்தினேன். அப்புறம் மறுபடி காது, கடைசியில்தான் வாணியும் நாவியும். வெட்டப்போகிற பத்தியில் ஒற்று பார்ப்பது வீண்வேலை.

மிச்சம் இருந்தது 590 ரூபாய். அதில் இரண்டாவது அச்சுப்பிரதி எடுத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், இந்த முறை முழு நாவலும்.