எரிமலைக் குன்றுகளில் கிராவல் சைக்கிள்: கரோச்சாவா, ஐஃபெலா, ஓவெர்னா?

கையில் ஒரு கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளிலும் ஓடும்படி சற்று அகன்ற டயர் போட்ட சைக்கிள்), ஒரு வாரம் லீவு, ஓய்ந்துபோன எரிமலைகளுக்கு நடுவே காட்டுப் பாதைகளில் ஓட்ட ஆசை. ஐரோப்பாவில் இதற்கு மூன்று இடங்கள் முக்கியமாகப் போட்டிக்கு வருகின்றன: ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள கரோச்சா, மேற்கு ஜெர்மனியின் ஐஃபெல், பிரான்ஸின் நடுவே இருக்கும் ஓவெர்ன். படத்தில் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சைக் குன்று, நடுவில் குழி, சுற்றிலும் மரம். ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தரை மூன்றிலும் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்கு ஐஃபெல். பார்ப்பதற்குக் கரோச்சா. ஓவெர்ன், அகன்ற டயரும் ஏற்றத்துக்குப் பழகிய காலும் உள்ளவர்களுக்கு.

ஏன் இப்படி என்று கேட்டால், கசடுக் கூம்புகளிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பகுதிகளின் குன்றுகள் பலவும் அந்த வகைதான். வாயு நிறைந்த லாவா மேலே பீறிட்டு, துண்டு துண்டாக ஆறி, வாயைச் சுற்றியே விழுந்து குவிந்தவை. தளர்வான கல் தானாக எந்தச் சரிவில் நிற்குமோ அந்தச் சரிவில்தான் இவையும் நிற்கும், ஏறக்குறைய 30 பாகை. அதில் நேராக ஏற எந்த கியரும் போதாது. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளெல்லாம் துளை, எடை குறைவு, விளிம்பு மட்டும் கூர்மை. மழை பெய்தால் தண்ணீரை உடனே உள்ளே விட்டுவிடும், அதனால் சேறு அதிகம் கட்டாது. ஆனால் அடர்த்தியாகக் கொட்டிக் கிடக்கும் இடத்தில் முன்சக்கரம் உள்ளே புதையும். வளைவில் முன் பிரேக்கை அழுத்தினால் கற்கள் மொத்தமாக நகர்ந்து சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்தபின் பிரேக்கைத் தொடாமல் ஓட்ட வேண்டும்.

ஆக, கூம்பைச் சுற்றி ஓட்டுவதுதான் வழி, அதன் மேலே அல்ல. அப்படியென்றால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எரிமலை எவ்வளவு அழகு என்று பார்ப்பதைவிட, இரண்டு எரிமலைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

கரோச்சாவில் நடுவே இருப்பது காடு, அதுவும் சாதாரணக் காடல்ல. ஓலோட் என்ற சிறுநகரைச் சுற்றி ஏறக்குறைய 40 எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. 1982-இல் இந்தப் பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இவற்றில் இளையதான க்ரொஸ்காட்டிலிருந்து வழிந்த லாவாவின் மேல்தான் ஃபஜேதா தென் ஜோர்தா என்ற பீச் (beech) மரக்காடு வளர்ந்திருக்கிறது. வழிந்தபோது லாவாவுக்குள் சிக்கிய நீராவி மேலே தள்ளியதால் தரை முழுக்க மேடும் பள்ளமுமாக இருக்கிறது. சில மேடுகள் 20 மீட்டர் உயரம். பொதுவாக இன்னும் உயரமான, குளிர்ந்த மலைகளில் வளரும் பீச், இங்கே சுமார் 600 மீட்டரிலேயே நெருக்கமாக நிற்கிறது. காரணம் மழை. ஓலோட்டில் மழை இல்லையென்றால் வேறெங்கும் மழை இல்லை என்று கட்டலான் மக்கள் சொல்வார்கள். அது உங்கள் பயணத் திட்டத்துக்கும் பொருந்தும், மழைச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

க்ரொஸ்காட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்காக அதன் ஒரு பக்கத்தை வெட்டிக் கசடு எடுத்துவந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது நின்றது. வெட்டிய காயத்தை மூடாமல் அப்படியே விட்டு, மக்கள் வந்து பார்க்கும்படி செய்துவிட்டார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் எரிமலையின் உட்புறம் அடுக்கடுக்காகத் தெரியும். வெளிப்பக்கம் கறுப்பு, வாயை நெருங்க நெருங்கச் செம்பழுப்பு. சூட்டில் கல்லில் இருந்த இரும்பு துருவேறிய நிறம் அது. பக்கத்திலேயே சாந்தா மார்கரிதா, குழியின் நடுவே புல்வெளியும் ஒரு சிறு தேவாலயமும். இன்னும் கொஞ்சம் வடகிழக்கே போனால் காஸ்டெல்ஃபோலித். லாவா ஆறிய பசால்ட் பாறையை ஆறுகள் அறுத்து 50 மீட்டருக்கும் மேல் செங்குத்தான சுவராக்கியிருக்கின்றன, அதன் விளிம்பில் வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

இவ்வளவு இருந்தும் ஓட்டத்தில் கரோச்சாவுக்கு ஏன் முதலிடம் தரவில்லை? பூங்காவின் மையம் சின்னது. நல்ல இடங்களில் பல பாதைகள் நடப்பவர்களுக்கானவை, சைக்கிளை வாகன நிறுத்தத்தில் பூட்டிவிட்டு நடக்க வேண்டியிருக்கும். ஃபஜேதாவுக்குள் பீச் வேர்களும் லாவாக் கற்களும் மாறி மாறி வரும், அது கிராவல் சைக்கிளுக்கான தரையே அல்ல. இலை உதிரும் மாதங்களில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் காட்டின் உள்ளே சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுகூட மற்றவர்களுக்குத் தொந்தரவு.

ஆனால் கரோச்சாவுக்கு வந்து சேரும் வழிக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை. ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை ஓடிய குறுகிய ரயில் பாதை 1969-இல் மூடப்பட்டது. இன்று அது காரிலெட் என்ற பெயரில் சுமார் 54 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் மெதுவாகவே வரும், உச்சி 600 மீட்டரைச் சற்றுத் தாண்டும், தரை பெரும்பாலும் இறுகிய மண். ஜிரோனாவுக்கு பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயில் உண்டு. தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர் என்பதால் பழுது பார்ப்பதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் கவலை இல்லை. முதல் முறையாகப் பைகளைக் கட்டிக்கொண்டு ஓட்டப்போகிறவருக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 40 மில்லிமீட்டர் டயர் தாராளமாகப் போதும்.

ஐஃபெல் பக்கம் வந்தால் நிலமே வேறு மாதிரி. இங்கே கூம்புகளும் உண்டு, ஆனால் பேர் வாங்கியது மார் எனப்படும் குழிகள். மேலே ஏறிவந்த கற்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீராவி வெடித்து, நிலத்தில் பெரிய ஓட்டை போட்டுவிட்டது. மலை எழவில்லை, குழிதான் மிஞ்சியது, பலவற்றில் தண்ணீர் தேங்கி ஏரியானது. டௌன் ஊருக்கு அருகே மூன்று மார் ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. புல்வர்மார் 70 மீட்டருக்கும் மேல் ஆழம். உல்மன் ஊரில் இருப்பதுதான் இளையது, வயது சுமார் 11,000 ஆண்டுகள். சைக்கிள் ஓட்டுபவருக்கு இதில் என்ன லாபம்? குழியின் விளிம்பு தாழ்வான வளையம், சரிவும் மென்மை. கூம்பைப் போல வழியை மறிக்காது. ஒரு ஏரியின் விளிம்பிலிருந்து அடுத்த ஏரிக்குக் காட்டு வழியே போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தக் காட்டு வழிதான் ஐஃபெலின் செல்வம். மரம் வெட்டும் லாரிகள் போக்குவரத்துக்காகப் போட்ட அகலமான சரளைப் பாதைகள், அடியில் கனமான ஜல்லி, மேலே இறுகிய நுண்கல், ஓரத்தில் வடிகால். லாரி எடையைத் தாங்கும் பாதையில் சைக்கிள் எவ்வளவு நிம்மதியாக ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டமும் தெளிவாக இருக்கிறது. ஐஃபெலின் இந்தப் பகுதி அடங்கிய ரைன்லாந்து-பலாட்டினேட் மாநில வனச்சட்டப்படி காட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்டலாம், ஒற்றையடிப் பாதைகள் அந்தக் கணக்கில் வராது. இதனால் வரைபடத்தை வைத்துக்கொண்டு முந்தைய இரவு உட்கார்ந்து, 40 கிலோமீட்டர் வட்டமோ 90 கிலோமீட்டர் வட்டமோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். கால் ஓய்ந்தால் நடுவில் தப்பிக்க மாரெ-மோசல் சைக்கிள் பாதை இருக்கிறது. டௌனிலிருந்து மோசல் ஆற்றங்கரை வரை 58 கிலோமீட்டர், இதுவும் பழைய ரயில் பாதைதான், பாலங்களும் சுரங்கங்களும் வரும். பெரும்பகுதி தார் என்பதால் அதையே பயணத்தின் முதுகெலும்பாக வைக்காதீர்கள், இணைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஐஃபெலின் ஏற்றங்கள் நீளமானவை அல்ல, ஆனால் ஓயாமல் வரும். ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கி உடனே ஏறுவதே நாள் முழுக்க வேலை, மாலையில் கூட்டிப்பார்த்தால் மொத்த ஏற்றம் நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மரம் வெட்டும் பகுதியை அடைத்துப் பலகை வைத்திருந்தால் வார இறுதியானாலும் உள்ளே போகக்கூடாது, அடுக்கிய கட்டைகள் சரியும் ஆபத்து உண்மையானது. கெரோல்ஸ்டைன் ஊர் கொலோன்-ட்ரியர் ரயில் தடத்தில் இருக்கிறது. அந்தத் தடம் 2021 ஜூலை வெள்ளத்தில் கடுமையாகச் சேதமடைந்தது, அதனால் கிளம்புமுன் ரயில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஓவெர்ன், அளவிலேயே பெரியது. ஷேன் தே பியூய் தொடரில் ஏறக்குறைய 80 எரிமலைகள் வடக்கு-தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நடுநாயகமான பியூய் த டோம் 1,465 மீட்டர். சைக்கிள் பந்தய ரசிகர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம், 1988-க்குப் பிறகு 2023-இல்தான் டூர் த பிரான்ஸ் மறுபடி அதன் உச்சிக்கு வந்தது, கனடாவின் மைக்கேல் வுட்ஸ் வென்றார். உச்சிக்குச் சைக்கிளில் போகலாம் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். 2012-இல் பல்சக்கர ரயில் வந்ததிலிருந்து அந்தச் சாலையில் பொதுவாகச் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை.

க்ளெர்மோன்-ஃபெரான் நகரிலிருந்து கிளம்பினால் முதல் வேலையே 500 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிப் பீடபூமியை அடைவது. மேலே பாதிக்குமேல் மேய்ச்சல் நிலம், இடையிடையே பீச், ஊசியிலைக் காடுகள். காற்றைத் தடுக்க ஒன்றுமில்லாத நீண்ட பகுதிகள் வரும். கூம்புகளின் அடிவாரத்தில்தான் முன்னே சொன்ன தளர்ந்த கசடு உண்மையிலேயே வதைக்கும். 45 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை இங்கே கொண்டுவர வேண்டாம். டியூப்லெஸ் கட்டாயம். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரம் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. சரி, இவ்வளவு கஷ்டம் எதற்கு? தூரத்துக்காக. மொர்வான் பகுதியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை மாசிஃப் சென்ட்ரல் என்ற மத்திய பிரான்ஸ் மலைப்பகுதியைக் கடக்கும் சுமார் 1,400 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் பாதை இந்த எரிமலைகளுக்கு ஊடாகத்தான் போகிறது. அதில் நான்கைந்து நாள் துண்டு ஒன்றை எடுத்து ஓட்டுவது வேறெங்கும் கிடைக்காத பயணம். ஆனால் அந்தப் பாதை மலைச் சைக்கிளுக்காக அமைத்தது, கரடான இடங்களில் பக்கத்துச் சிறு சாலைக்கு மாறிக்கொள்ள முன்கூட்டியே வழி குறித்துவைக்க வேண்டும்.

பருவம் என்று பார்த்தால் ஓவெர்னும் ஐஃபெலும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நன்றாக இருக்கும். ஓவெர்ன் பீடபூமியில் குளிர்காலத்தில் பனி விழும். கரோச்சாவில் கோடை நடுப்பகுதியைத் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர்.

ஒரே ஒரு வாரம்தான் என்றால் நான் ஐஃபெலுக்கு டிக்கெட் எடுப்பேன், டௌனில் ஒரே அறையில் தங்கி, பைகளை அங்கேயே விட்டுவிட்டு, தினமும் வேறு திசையில் வட்டம் போடுவேன். நான்கே நாள் என்றால் ஜிரோனா, காரிலெட், ஓலோட்டில் இரண்டு இரவு. அதில் ஒரு நாளை முழுக்க நடப்பதற்கு ஒதுக்கிவிடுங்கள், க்ரொஸ்காட்டும் ஃபஜேதாவும் அந்த நாளுக்கானவை.