ஜெஃபர்சனைப் படிக்க எந்தப் புத்தகம்?

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனைப் பற்றி டூமாஸ் மலோன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வாங்குவதா, ஜோசப் எல்லிஸ் எழுதியதை வாங்குவதா?

அளவு: மலோன் ஆறு பாகம், 1948 முதல் 1981 வரை வந்தது. எல்லிஸ் ஒரே புத்தகம்.

செலவு: ஆறுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

நடை: மலோன் நிதானமாக, வருட வரிசையில் போவார். எல்லிஸ் வாழ்வின் ஐந்து காலகட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். முதல் காட்சியிலேயே, 1775இல் பகட்டான குதிரை வண்டியில், மூன்று அடிமைகளோடு பிலடெல்பியாவுக்கு வந்து இறங்குகிறார் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமம் என்று மறு வருடம் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதப்போகிறவர்! அந்த முரண்தான் புத்தகத்தின் உயிர்.

குறை: அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுடனான உறவை மலோன் மறுத்தார், எல்லிஸும் முதலில் நம்பவில்லை. 1998 மரபணுச் சோதனைக்குப் பிறகு எல்லிஸ் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனால் எல்லிஸின் பழைய பதிப்பு வேண்டாம்.

ஜெஃபர்சனின் மனசைப் புரிந்துகொள்ள எல்லிஸ். ஆய்வு செய்பவருக்கும், ஒரு வருடம் ஒதுக்க முடிந்தவருக்கும் மலோன். கடைசி பாகத்தைக் கண்பார்வை மங்கிய நிலையில், 89 வயதில் வெளியிட்டார் மனிதர். அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.