நெசவாளரின் நடமாடும் கடை: கூடாரமா, மூங்கிலா, மடக்குத் தட்டியா?

கண்காட்சிக்குப் புறப்படும் நெசவாளர் பெரும்பாலும் சேலைக் கட்டோடு பஸ் ஏறுகிறார். கூட வருவது வீட்டில் ஒருவர், அவ்வளவுதான். அதனால் எந்த அமைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இருவர் தூக்கிப்போய் நிறுத்திவிட முடியுமா என்பது. அடுத்தது, துணியின் பின்பக்கமும் வாங்குபவர் கண்ணில் படுமா?

பின்பக்கம் ஏன் முக்கியம்? காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடம்) ஓட்டி, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்கிறார்கள். அந்த இணைப்பைப் புரட்டிப் பார்த்தவருக்குத்தான் விலையின் நியாயம் விளங்கும். பலகையில் ஊசி குத்தி மாட்டிய சேலையில் அதற்கு வழியே இல்லை.

பத்துக்குப் பத்து அடி மடக்குக் கூடாரம் விரித்ததும் நின்றுவிடும். திறந்த மைதானத்தில் வெயிலுக்கும் தூறலுக்கும் இதைவிட வேறு துணை இல்லை. ஆனால் இரும்புச் சட்டம் கனம், அலுமினியம் விலை கூடுதல். எதுவானாலும் காற்றுக்குக் கால்களில் மணல் மூட்டை கட்ட வேண்டும். பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. நீலக் கூரையின் வழியே இறங்கும் வெளிச்சம் துணியின் நிறத்தையே மாற்றிவிடும். அரக்குச் சேலை மங்கித் தெரியும். வெள்ளைக் கூரையைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது.

மூங்கில் சட்டம் படத்தில் அழகாக இருக்கிறது, வடிவமைப்பாளர்களுக்கும் பிடிக்கிறது. பட்டுக்கு மட்டும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணுவில் ஒரு சிராய் போதும், இழை இழுபட்டுவிடும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காத மூங்கிலை வண்டு துளைத்து, மாவு துணிமேல் உதிரும். கயிற்றுக் கட்டுக்கும் கைப்பழக்கம் வேண்டும். பவானி ஜமக்காளத்துக்கு நிலைமை வேறு: துணி தடிமன், எடை அதிகம், சிராய்க்கு அஞ்சாது. நன்கு பதப்படுத்திய, பருத்த மூங்கில் அதைத் தாங்கும்.

மண்டபத்துக்குள் நடக்கும் கண்காட்சிக்கு என் தேர்வு மடக்குத் தட்டி. கீல் போட்ட மூன்று மரச் சட்டங்கள், நடுவில் பலகைக்குப் பதில் குறுக்குக் கம்பிகள். கோணலாக விரித்தால் தானே நிற்கும். சேலையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். முழுதாகத் தொங்கவிட எந்தக் கடையிலும் உயரம் இல்லை. முந்தானையை முன்னால் விட்டு, உடலை மடித்துக் கம்பியில் போட்டால் ஆறரை அடித் தட்டி போதும். வாங்குபவர் கையால் புரட்டலாம். பஸ்ஸுக்காக ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு துண்டாக்கி போல்ட் போட்டுக்கொள்வது நல்லது. இரும்புக் கொக்கி வேண்டாம், துருக்கறை பருத்தியை விட்டு எளிதில் போகாது, பித்தளை போதும். கனமான ஜமக்காளத்தை மாட்டினால் தட்டி சாயும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மைதானக் கண்காட்சிக்கும் போகிறவர்கள் கூடாரத்தைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கம் சிலவற்றை வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம், தட்டி மட்டும் அவரவருடையதாக இருக்கட்டும்.

மிச்சமாகும் பணத்தை விளக்குக்குச் செலவிடுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கை வாங்கி, நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சரிகையின் மேடு பள்ளம் தெரியும்.