பட்டாயாவின் 10 பாட் வண்டி: மூன்று வருடம் ஏறி இறங்கிய பிறகு

தாய்லாந்தில் பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியனுக்கு வந்த முதல் 11 நாளில் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம், குடியிருப்பு வாசலிலிருந்து தெருமுனை செவன் இலெவன் வரை. நான்கு நிமிட நடை. லேம் சபாங் பக்கம் இருக்கும் கம்பெனிக்குக் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும், நடுவில் கேண்டீன் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே கப் நூடுல்ஸ் சாப்பிட்டேன். பட்டாயாவில் இருக்கிறேன் என்று சொன்னால் கண்ணடித்துச் சிரித்த நண்பர்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊர் சுற்றத் தெரியாதவன் இல்லை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து புனேவுக்கும் பெட்டி தூக்கியவன்தான். ஆனால் அங்கெல்லாம் வழி தெரியாவிட்டால் யாரையாவது நிறுத்திக் கேட்டுவிடலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்த்த வீடு. இங்கே வாய் இருந்தும் பயனில்லை, எழுத்தும் படிக்கத் தெரியாது, போதாக்குறைக்கு வருவதற்கு முன் ஆளாளுக்குச் சொல்லியனுப்பிய ஏமாந்த கதைகள் வேறு.

12ஆம் நாள் பச்சை மிளகாயும் துவரம்பருப்பும் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் வெளியே வந்தேன். ஓரமாக ஒரு நீல நிற வண்டி காலியாக நின்றது. பிக்கப் லாரியின் பின்பக்கத்தில் கூரை போட்டு, இரண்டு பக்கமும் நீளமாக பெஞ்சு. சோங்தேவ் என்பார்கள், இரண்டு வரிசை என்று அர்த்தம், வெளிநாட்டுக்காரர்களுக்கு பாட் பஸ், பாட் என்பது இங்கத்துப் பணம். நம் வழக்கப்படி ஓட்டுநரிடம் போய் "சென்ட்ரல் பட்டாயா, எவ்வளவு?" என்றேன். அவர் சிரித்தபடி 200 என்றார். பேரம் பேசி 150க்கு முடித்துவிட்டு, சாமர்த்தியசாலி என்ற நினைப்பில் தனியாக ஜம்மென்று உட்கார்ந்து போனேன்.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தாய்லாந்துக்காரர், எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கேக்காதே. ஏறு. மணி அடி. இறங்கு. காசு கொடு."

விஷயம் இவ்வளவுதான். ஆட்களோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தால் அது ஷேர் வண்டி, நான் வந்தபோது தலைக்கு 10 பாட். ஓரமாகக் காலியாக நிற்கும் வண்டியிடம் போய் இன்ன இடத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டால், அவர் கணக்கில் நீங்கள் முழு வண்டியை வாடகைக்குப் பேசுகிறீர்கள். அவர் பொய் சொல்லவே இல்லை, நான் கேட்டதற்குத்தான் விலை சொன்னார். என்னைக் கேட்டால், பட்டாயாவில் ஏமாந்தேன் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியில்தான் மாட்டுகிறார்கள்.

ஏறிய பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கூரையில் அங்கங்கே பொத்தான் இருக்கும், இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அழுத்தினால் முன்னே மணி அடிக்கும், வண்டி ஓரம் கட்டும். இறங்கி, சுற்றி முன்பக்கம் போய், ஜன்னல் வழியாக ஓட்டுநர் கையில் காசு. சில்லறை கட்டாயம். 1,000 பாட் நோட்டை நீட்டினால் அவர் பார்க்கிற பார்வை நம்மூர் டவுன் பஸ் கண்டக்டர் பார்வைதான், மொழிபெயர்ப்பு தேவையில்லை. 10 பாட் நாணயம் ஓரம் வெள்ளியாக நடுவில் தங்க நிறமாக இருக்கும். நம் 10 ரூபாய் நாணயத்தை உள்வெளியாகத் திருப்பிய மாதிரி. தமிழ்நாட்டில் எத்தனை கடையில் அந்த 10 ரூபாயை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்! இங்கே அதன் தம்பியைச் சட்டைப்பையில் எப்போதும் ஐந்தாறு போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, எங்கே போகிறது என்று தெரியாமல் எப்படி ஏறுவது? என் பயத்தின் கடைசி முடிச்சு இதுதான். அதை அவிழ்த்தது வரைபடம்தான், மொழி இல்லை. பட்டாயா பீச் ரோடு வடக்கே டால்பின் ரவுண்டானாவிலிருந்து தெற்கே வாக்கிங் ஸ்ட்ரீட் வரை ஒருவழி. அதற்கு இணையாக உள்ளே ஓடும் செகண்ட் ரோடு தெற்கிலிருந்து வடக்கே ஒருவழி. ஆக நகரத்தின் நடுப்பகுதி ஒரு வளையம். கடல் பக்கம் ஏறினால் தெற்கே போவீர்கள், உள்பக்கம் ஏறினால் வடக்கே. இடம் தவறிவிட்டால் இறங்கி, ஒரு சந்து தாண்டி அடுத்த ரோட்டில் நின்று திரும்பி வரலாம். குறுக்கே போகும் பெரிய ரோடுகள் மூன்று: நுவா, கிளாங், தை. வடக்கு, நடு, தெற்கு. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரண்டு முறை வெறுமனே வளையத்தைச் சுற்றினேன், சின்ன வயதில் ரங்கராட்டினத்தில் இன்னொரு சுற்றுக்குக் காசு கேட்ட மாதிரி.

ஜோம்தியனுக்கு வண்டி செகண்ட் ரோடும் பட்டாயா தையும் சந்திக்கும் இடத்தில், கோயில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். இதுதான் ஒரே குழப்பம். இங்கே மட்டும் நிற்கிற வண்டியில் ஏறலாம், அதுவும் ஷேர்தான். ஆனால் நிரம்பினால்தான் எடுப்பார். மத்தியானம் 2 மணி வெயிலில், ஏழு பேர் ஏறிய வண்டியில் மிச்சப் பேருக்காக உட்கார்ந்திருப்பது நல்ல மனப்பயிற்சி. அப்புறம் தாப்ரயா ரோடு வழியாக மேடேறி இறங்கி, வலதுபக்கம் கடல் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முட்டி இடிக்கும். உயரமான ஐரோப்பியர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் கூரைக்கம்பியில் தலையை இடித்துக்கொள்வதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். முன்னால் போகும் டூரிஸ்ட் பஸ்ஸின் புகை முழுவதும் நமக்குத்தான். கூட்டம் இருந்தால் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், ஃபுட்போர்டு அடித்துப் படித்தவர்களுக்கு இது பழக்கம், என் முதுகுக்கு இப்போது இல்லை. சில நேரம் நாம் நினைத்த இடத்தில் திரும்பாமல் வேறு பக்கம் போய்விடுவார், பதறாமல் மணியை அடித்து இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். செப்டம்பர், அக்டோபர் மழையில் பக்கவாட்டு பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டாலும் ஒரு தோள் நனையும், பீச் ரோட்டில் தண்ணீர் நின்றால் வண்டி பாதியிலேயே நிற்கும்.

மழையைவிட மோசம் சொங்க்ரான். தாய்ப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா ஏப்ரல் 13 முதல் 15 வரை என்று காலண்டரில் பார்த்து, அது முடிந்தது என்று நம்பி, முதல் வருடம் 19ஆம் தேதி மடிக்கணினிப் பையோடு ஏறினேன். பட்டாயாவில் பெரிய கொண்டாட்டமே 19ஆம் தேதி என்பது எனக்குத் தெரியாது. திறந்த பின்பக்கம், எதிரெதிராக உட்கார்ந்த பத்துப் பேர், இரண்டு பக்கமும் வாளியும் பீப்பாயுமாக ஜனம். ஐஸ் போட்ட தண்ணீர். மடிக்கணினி பிழைக்கவில்லை. நெருப்புக்கோழி மாதிரி பையை அணைத்துக்கொண்டு குனிந்திருந்த என் தலையில், எதிரே இருந்த பாட்டி நிதானமாக ஒரு சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றி வாழ்த்தினார்.

பிரயாணத்தில் எனக்குப் பிடித்த இடம் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி. அது வழியாக முன்னால் தொங்கும் பூமாலை தெரியும். மல்லிகை மொட்டு நெருக்கமாகக் கோத்து, கீழே குஞ்சமாக ஒரு சாமந்தியோ ரோஜாவோ. அதன் பெயர் புவாங் மாலை. நம் மாலையேதான். இந்தச் சொல் காதில் விழுந்த நாளில் எனக்கு ஊர் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. சன்னதி எதையாவது தாண்டும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். அந்த ஒரு நொடி மட்டும் நானும் கும்பிடுவேன், காரணம் வேறு.

மோட்டோசாய் என்கிற பைக் டாக்ஸிக்கு சட்டம் தலைகீழ். ஆரஞ்சு நிற மேலங்கி போட்டு, முதுகில் எண் எழுதி, தெருமுனையில் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஸ்டாண்டுக்குப் பெயர் வின். இங்கே ஏறுவதற்கு முன் "தாவ் ராய்" என்று கேட்டு விலையை முடித்துக்கொண்டுதான் கால் தூக்க வேண்டும். இறங்கிய பிறகு கேட்டால் போச்சு. என் மனைவி வந்து ஒரு மாதத்தில், இங்கத்துப் பெண்களைப் பார்த்து ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் மார்க்கெட் பையோடு போகப் பழகிவிட்டாள். நான் இன்னும் பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "சா சா, சா சா" என்று முனகிக்கொண்டே போகிறேன். மெதுவா மெதுவா என்று அர்த்தம். சாய் என்றால் இடது, க்வா வலது, த்ரோங் பை நேராக, ஜோட் நிறுத்து. இந்த ஐந்தும் போதும். பின்னால் உட்காருகிறவருக்கு ஹெல்மெட் பெரும்பாலும் தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

போல்ட், கிராப் என்ற டாக்ஸி செயலிகள் இரண்டும் ஊரில் ஓடுகின்றன. பேச வேண்டாம், விலை முன்னாலேயே தெரியும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் இதுதான் நிம்மதி. ஆனால் மழை பிடித்தால் விலை ஏறும், வண்டி கிடைக்காது. ஒருமுறை ஒரு செயலியில் வந்தவர் மேப்பில் என்னையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ரத்து செய்துவிட்டுப் போனார். மெயின் ரோட்டுக்கு நாமே நடந்து போய் நின்று கூப்பிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

இரண்டாம் வருடம் ஸ்கூட்டர். இங்கே நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கை தானாகப் பழகும். காது பழகத்தான் நாளானது. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சென்னையில் பின்னால் வருவதைக் காதால் பார்த்து ஓட்டியவனுக்கு, சத்தமே இல்லாமல் ஒரு பிக்கப் தோளை உரசிக்கொண்டு போவது பேய் பார்த்த மாதிரி. எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் 'நான் வர்றேன், நீ நில்லு' என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரர்கள் இதை வழிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு மாட்டுவார்கள், நமக்கு இது ஊர்ப் பழக்கம்தான்.

வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அதற்குப் பதில் பணம் முன்பணமாகக் கேட்கும் கடையைத் தேடுங்கள். வண்டியின் ஒவ்வொரு கீறலையும் கடைக்காரர் கண் முன்னால் வீடியோ எடுங்கள். நான் எடுக்காமல் விட்ட ஒரே தடவை 1,500 பாட் அழுதேன். ஹெல்மெட் இல்லாவிட்டால் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 2,000 பாட் வரை போகலாம். கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், அபராதத்தைவிட அதுதான் பெரிய அடி.

தாய் உரிமம் எடுத்துவிடுவது நல்லது. ஜோம்தியன் சோய் 5இல், அதாவது 5ஆம் சந்தில், இருக்கும் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றிதழ், ஒரு கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ், அப்புறம் போக்குவரத்து அலுவலகம். அங்கே நிறக்குருடு சோதனை, சட்டென்று பிரேக் மிதிக்கும் சோதனை, கூடவே எனக்கு வேர்த்துக்கொட்டிய ஒன்று: ஒரு பெட்டிக்குள் இரண்டு குச்சி, ஒன்று அசையாது, இன்னொன்றைப் பொத்தானால் முன்னும் பின்னும் நகர்த்தி இரண்டும் ஒரே நேராக நிற்கும் இடத்தில் விட வேண்டும். இரண்டு முறை தப்பாக விட்டேன். மூன்றாவது முறை அங்கே சோதனை நடத்திய அம்மா பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இந்தியாவில் எடுத்த சர்வதேச அனுமதி இருந்ததால் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. முதலில் இரண்டு வருடத்துக்குத் தருகிறார்கள், அப்புறம் ஐந்து வருடம்.

இத்தனைக்கும் பிறகு தினப்படி ஊருக்குள் போக நான் ஏறுவது அந்த நீல வண்டியில்தான். பார்க்கிங் தேட வேண்டாம், போலீஸ் கையைக் காட்டினால் வயிறு கலங்க வேண்டாம். கடைசியாக ஸ்கூட்டரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது.

போன டிசம்பரில் அம்மா வந்திருந்தாள். கிளம்பும் முன்னாலேயே படித்துப் படித்துச் சொன்னேன், "ஏறும்போது யாரையும் ஒண்ணும் கேக்காதம்மா." வண்டி நின்றது. நான் பின்னால் ஏறுவதற்குள் அம்மா நேரே முன்பக்கம் போய், ஜன்னலில் தலையை விட்டு, சுத்தத் தமிழில், "தம்பி, ஜோம்தியன் போகுமாப்பா?" என்றாள். ஓட்டுநர் என்ன புரிந்துகொண்டாரோ, ஜோம்தியன் என்ற சொல்லுக்குத் தலையாட்டினார். அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து, "போகுமாம்டா" என்றாள். இறங்கும்போது இரண்டு பேருக்கு 20 பாட் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டார். எவ்வளவு என்று கேட்கவில்லை, போகுமா என்றுதான் கேட்டாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

கோ லான் தீவுக்குப் படகு பாலி ஹாய் துறையிலிருந்து, நான் போனபோது 30 பாட், முக்கால் மணி நேரம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. சுகும்வித் ரோட்டில் சத்தஹிப் பக்கம் ஓடும் வெள்ளை வண்டிகளும் நீல வண்டி மாதிரித்தான், இடம்தான் தூரம்.

அந்த சுகும்வித்தை நடந்து கடப்பதை மட்டும் இன்றுவரை நான் செய்ததில்லை. நாட்டின் 3ஆம் எண் நெடுஞ்சாலை, நடை மேம்பாலம் இல்லாத இடத்தில் எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்றால் ஓடத்தான் வேண்டும். எதிரே இருக்கும் காய்கறிக் கடை கண்ணுக்கு நேராகத் தெரியும். நான் வின்னுக்குப் போய், 40 பாட் பேசி, மோட்டோசாயில் ஏறி, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி யூ டர்ன் அடித்து வந்து இறங்குகிறேன். அந்த ஸ்டாண்டு ஆட்களுக்கு இப்போது என்னைப் பார்த்தாலே சிரிப்பு, விலைகூடக் கேட்க வேண்டியதில்லை.