சென்னையில் எந்தத் தீம் பார்க்? முதலில் பிள்ளையின் உயரத்தை அளந்து பாருங்கள்

விளம்பரத்தில் போடும் ரைடு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பலரும் பார்க்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் குதிரை ராட்டினமும் ஒன்று, மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்து சுற்றும் குட்டி ரயிலும் ஒன்று. உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். வீட்டுக் கடைக்குட்டியின் உயரம் எவ்வளவு? கேட் மூடுவதற்குள் எத்தனை ரைடில் ஏற முடியும்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., குயின்ஸ்லேண்ட், வொண்டர்லா என்ற சென்னையின் நான்கு பார்க்குகளும் வெவ்வேறு ஆட்களுக்கானவை என்பது புரியும்.

வரலாற்றில் மூத்தது வி.ஜி.பி. வீட்டுச் சாமான்களைத் தவணையில் விற்றுத் தமிழ்நாட்டில் பெயர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ், ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கோல்டன் பீச் என்ற இந்தப் பார்க்கை உருவாக்கினார். என்ன சேட்டை செய்தாலும் அசையாமல், சிரிக்காமல் நின்ற ‘சிலை மனிதன்’ அங்கே எந்த ராட்டினத்தையும் விடப் பெரிய ஈர்ப்பு. 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் அதைத் தொடங்கினார். ஒரு தலைமுறைப் பள்ளிச் சுற்றுலாக்கள் அலைக்குளத்தைப் பார்த்தது அங்கேதான். பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டிய குயின்ஸ்லேண்ட் 2003-இல் வந்தது.

வொண்டர்லாவின் கதை கொச்சியில் தொடங்குகிறது. வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்ற கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் ‘வீகாலேண்ட்’ என்று தொடங்கியது அது. 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர் என்று வளர்ந்தது. சென்னைக்கு வந்தது 2025 டிசம்பரில்தான். உள்ளாட்சிக் கேளிக்கை வரி விலக்குக்காகவே நிறுவனம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது.

இனி ஒப்பீடு. 100 செ.மீ.க்குள் இருக்கும் பிள்ளையோடும் தாத்தா பாட்டியோடும் போகிறீர்களா? வி.ஜி.பி. போதும். நகரத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான், கடலும் பக்கத்திலேயே. 2019-இல் வந்த மரைன் கிங்டமில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்து மீன் பார்க்கலாம். அதற்குத் தனி டிக்கெட். ‘உள்ளே வந்தாச்சு, எல்லாம் சேர்த்திதானே’ என்று நினைத்துப் போனால் அங்கே மறுபடி பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கும்.

முட்டுக்காட்டில் இருக்கும் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டுக்கு உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போக வேண்டும். உலர் ரைடு பாதி, தண்ணீர் பாதி என்று ஆறேழு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நன்றாகப் பொருந்தும். கடல் காற்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு முதலில் வந்து, உள்பக்கமுள்ள செம்பரம்பாக்கத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். மே மாதத்தில் குயின்ஸ்லேண்ட் போகிறவர்கள் 12 மணியிலிருந்து 3 மணி வரையான நேரத்தைத் தண்ணீரிலேயே கழிப்பது நல்லது. ரோப் காரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் தூரத்தில் லாபம். வேளச்சேரியிலிருந்து இதற்காக நகரத்தைச் சுற்றிக்கொண்டு போவது வீண்.

வொண்டர்லா, திருப்போரூர் அருகே இள்ளலூரில். இங்கே பிள்ளைகளின் டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். இந்த நிறுவனத்தின் பார்க்குகளில் வழக்கமான விதி இது: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதற்கு மேல் 140 வரை குழந்தை டிக்கெட், அதைத் தாண்டினால் பெரியவர் கட்டணம். சிக்கலும் இந்த 140-இல்தான் இருக்கிறது. பெரிய ரைடுகள் பலவற்றுக்கு அந்த உயரத்தை ஒட்டியே கேட்பார்கள். தோளை அழுத்திப் பிடிக்கும் கவசம் பெரிய உடம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. குட்டைப் பிள்ளை அதன் அடியில் நழுவிவிடலாம் என்பதே காரணம். கெஞ்சிப் பயனில்லை. ஏழு வயதில் 120 செ.மீ. இருக்கும் பையனைக் கூட்டிப் போனால் அவன் பெரும்பாலும் கம்பிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்ப்பான். பத்து, பதினொன்றைத் தாண்டியவர்களுக்கும் கல்லூரிக் கும்பலுக்கும் இதற்கு ஈடு இங்கே வேறில்லை. ஸ்விட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபிலார்ட் செய்த ‘தஞ்சோரா’ தொங்கு ரோலர் கோஸ்டர் ஒன்றே போதும். தண்டவாளம் தலைக்கு மேல் ஓடும், கால் அந்தரத்தில் ஆடும். ஏறும்முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

வரிசையைக் கணக்குப் போடுவது எளிது. 24 இருக்கை, ஓட்டம் 2 நிமிடம், ஏற்றி இறக்கிப் பூட்டுப் பார்க்க 3 நிமிடம் என்றால் மணிக்கு 12 சுற்று, 288 பேர். உங்களுக்கு முன்னால் 150 தலை தெரிந்தால் அரை மணி நேரம். ஒரு பெட்டித்தொடர் ஓடும்போதே இன்னொன்றில் ஆள் ஏற்றும் கோஸ்டரில் வரிசை வேகமாக நகரும். ஊஞ்சல் போல ஆடும் கப்பலில் ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்கார்ந்தால் எடை சாயும். அதனால் கூட்டமில்லாத நாளிலும் ஆள் சேரும்வரை நிறுத்தி வைப்பார்கள். கூட்டமில்லாத நாள் என்று வார நாளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிப் பேருந்துகள் வருவது வார நாட்களில்தான். காணும் பொங்கல் அன்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

காலையில் கேட் திறந்ததும் எல்லோரும் முதலில் கண்ணில் படும் ரைடில் நிற்பார்கள். நீங்கள் நேரே பெரிய கோஸ்டருக்குப் போய்விடுங்கள். தண்ணீர் பகுதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் ஈர உடையோடு உலர் ரைடுக்கு வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை. அலைக்குளம் நாள் முழுக்க ஓடாது, கால் மணி நேரம் போல அலை அடித்துவிட்டு ஓய்வு விடுவார்கள். நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலை உடைவது முழங்கால் ஆழத்தில்தான், சின்னப் பிள்ளைகள் குப்புற விழுவதும் அங்கேதான்.

பருத்தி உடையோடு ஏன் தண்ணீரில் விடுவதில்லை என்று கவுன்டரில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். நனைந்தால் கனக்கும், சறுக்கிலும் பிடிக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் உடையை வீட்டிலிருந்தே கொண்டு போனால் வாடகை மிச்சம். கண் சிவந்தால் குளோரின் அதிகம் என்பார்கள். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன். இறங்கும்முன் எல்லோரும் ஷவரில் நின்றாலே அது குறையும்.

கடலோரப் பார்க்குகளில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். பராமரிப்புக்காக ஒன்றிரண்டு ரைடு மூடிக் கிடந்தால் கோபிக்காதீர்கள், மூடாமல் ஓட்டினால்தான் கவலைப்பட வேண்டும். எந்தப் பார்க்காக இருந்தாலும் கவசம் பூட்டியபின் ஆபரேட்டர் அதை மேல்நோக்கி இழுத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள், கீழே அழுத்துவது மட்டும் சோதனை ஆகாது. துணை பெல்ட் இருந்தால் கொக்கி மாட்டிய சத்தம் கேட்க வேண்டும். இல்லையென்றால் கை தூக்கிக் கூப்பிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழையில் பிரேக் வழுக்கும் என்பதால் கோஸ்டர் நிற்கும், இடி இடித்தால் குளத்திலிருந்தும் வெளியேற்றிவிடுவார்கள். ஆன்லைனில் வாங்கிய டிக்கெட்டில் தேதி மாற்றலாமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.