ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடை: முதல் கேள்வியே "எதுக்கு?"

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு என்றால் பலருக்கும் கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். அதே தெருவில் வெறும் காகிதம் மட்டும் விற்கிற கடைகளும் இருக்கின்றன, அதில் ஒன்றில்தான் நான் வழக்கமாக வாங்குகிறேன். சின்ன கடை. தரையிலிருந்து கூரை வரை ரீம் கட்டுகள், எதிரே ஒருத்தர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனாலும் காகிதத்தை வைத்து ஏதாவது செய்கிற யார் கேட்டாலும் நான் அங்கேதான் அனுப்புவேன், காரணம் கல்லாவில் இருக்கும் பெரியவர். விலை, கலர், சைஸ் எதுவும் பேசுவதற்கு முன்னால் "எதுக்கும்மா?" என்று கேட்டுவிடுவார். அதற்கு நாம் சொல்கிற பதிலை வைத்துத்தான் எந்தக் கட்டைப் பிரிப்பது என்று முடிவு செய்வார்.

நான் கையால் நோட்டு தைப்பவள். இங்க் பேனாவில் எழுதுகிற மாதிரி வேண்டும் என்றதும் வழவழப்பான ஆர்ட் பேப்பர் பக்கமே போகாமல் 80 ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடைக் கணக்கு, கீழே சொல்கிறேன்) மேப்லித்தோவை, அதாவது பூச்சு இல்லாத எழுதும் காகிதத்தை, எடுத்துப் போட்டார். ஆர்ட் பேப்பரில் மேலே களிமண் பூச்சு இருக்கும், படம் அச்சடித்தால் பளிச்சென்று வரும், ஆனால் பேனா மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கையில் ஈஷிக்கொள்ளும். அப்புறம் ஓரத்தில் ஒரு துண்டை நீளவாக்கில் கிழித்தார், நேராக வந்தது. குறுக்கே கிழித்தார், கோணலாகப் போனது. மெஷினில் காகிதம் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடுகின்றன, நேராகக் கிழிவது அந்தத் திசைதான். நோட்டின் முதுகும் அதே திசையில் இருந்தால் பக்கங்கள் நன்றாக மடங்கிப் படுக்கும். மாறிப்போனால் பசை ஈரத்தில் நார் அகலவாக்கில் ஊதி, அட்டை முறுக்கிக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்க அவர் தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லை, பின்னால் ஆள் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தவும் இல்லை.

எடை விஷயத்திலும் நேர்மையான கடை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதனால் 80 ஜிஎஸ்எம் என்றால் தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரை கிலோ. எங்கே வாங்கினாலும் தராசில் வைத்துப் பாருங்கள், உறையில் போட்டிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். இங்கே தராசு மேஜை மேலேயே இருக்கிறது, கேட்டால் வைத்துக் காட்டுகிறார்கள்.

கொஞ்ச நேரம் அங்கே நின்றாலே காகிதத்துக்கு எத்தனை வேலை என்று புரியும். தையல்கார அக்கா ஒருவர் ரவிக்கை அளவு வெட்டிவைக்க பிரவுன் பேப்பர் ரோல் வாங்குவார்; அதே ரோல் ஜூன் மாதம் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடப் போகும். பூ செய்பவர்களுக்கு கிரேப் பேப்பர். அது ஒரு பக்கமாக மட்டும்தான் இழுபடும், இதழின் நடுவில் கட்டைவிரலை வைத்து அகலவாக்கில் லேசாக இழுத்தால் குழி விழுந்து நிஜ ரோஜா இதழ் மாதிரியே நிற்கும். கொலுவுக்குப் பூங்கா செய்ய வருபவர்களுக்கு டூப்ளக்ஸ் போர்டு என்கிற கெட்டி அட்டை. பட்டர் பேப்பர் கேட்டால் வரையவா, பலகாரம் வைக்கவா என்று விசாரித்துவிட்டுத்தான் தருவார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பஜ்ஜியை அச்சடித்த செய்தித்தாளில் வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்தது, இன்னும் பல இடங்களில் எண்ணெய் சொட்டச் சொட்ட அதில்தான் மடித்துத் தருகிறார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு தாள், இரண்டு தாள் என்று கேட்டால் கிடைக்காது, சாதாரணக் காகிதம் ரீம் கணக்கு, போர்டு என்றால் ஒரு குயராவது (ரீமில் இருபதில் ஒரு பங்கு) எடுக்க வேண்டும். வீட்டில் பிள்ளையின் ப்ராஜெக்டுக்கு ஒரு சார்ட் வாங்க இவ்வளவு தூரம் வராதீர்கள், பக்கத்துத் தெரு ஸ்டேஷனரி போதும். வெட்டிக் கொடுக்க மாட்டார்கள், கட்டிங் மெஷின் வைத்திருப்பவரிடம் தனியாகத்தான் போக வேண்டும். அங்கே போகும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மேல் தாளில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டு போங்கள். வெட்டுபவர் தாள் வீணாகாத மாதிரி திருப்பி வைத்துத்தான் வெட்டுவார், அவர் வேலை அது.

ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பைக்கில் போய் நிறுத்த இடம் தேடாதீர்கள், மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளில் சரக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஞாயிறு விடுமுறை. மழைக்காலம் என்றால் பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று கையோடு கொண்டுபோங்கள், கடையில் சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொடுப்பார்கள், மேலே எதுவும் சுற்றித் தர மாட்டார்கள்.